வேலியோரக் கீரையும் பச்சைத் தாளும்

எங்கள் தோட்டத்துப் பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் மாமரத்தடி மேடையில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். யார் வீட்டிலிருந்து என்ன வந்திருக்கிறது என்ற ஆராய்ச்சி அங்கேதான் நடக்கும். ஒருத்தி இட்டிலியைக் கொடுத்து நாசி லெமாக் வாங்குவாள். ஒருவன் முட்டையைக் கொடுத்து முறுக்கு வாங்குவான். பார்த்துக்கொண்டிருந்தாலே நமக்குப் பசி அடங்கிவிடும்.

சென்ற ஆண்டு ஒருநாள், நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி சிறிய பிளாஸ்டிக் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தாள். பட்டணத்து மாமா வாங்கிக் கொடுத்ததாம். உள்ளே கரும்பச்சை நிறத்தில் காகிதம் போன்ற மெல்லிய துண்டுகள். கடற்பாசித் தாள் என்று இப்போது பட்டணத்துப் பிள்ளைகள் கொறிக்கிறார்களே, அதுதான். ஜப்பான்காரர்கள் ‘நோரி’ என்கிறார்கள். ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனும் கைநீட்டி வாங்கித் தின்றான்.

கால்மணி நேரத்தில் அவன் உதடுகள் வீங்கிவிட்டன. கழுத்தெல்லாம் சிவந்து தடித்தது. “டீச்சர், தொண்டை அரிக்குது” என்று என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். ஆபீசுக் கிராணியார் தம் காரிலேயே எங்களைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார். டாக்டர் ஊசி போட்டார். மாலைக்குள் பையன் பழையபடி ஆனான். என் கைநடுக்கம்தான் நிற்க இரவாயிற்று.

அந்தப் பையனுக்கு இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது. சேர்த்த அன்றே அவன் தாயார் அதைச் சொல்லியிருந்தார். மீ கோரேங் விற்கும் நாளில் அவனை நான் கண்காணிப்பது வழக்கம். ஆனால் ஒரு பச்சைத் தாளுக்குள் இறால் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? டாக்டர் பொட்டலத்தைத் திருப்பிக் காட்டினார். இறால், நண்டு கலந்திருக்கக்கூடும் என்று எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் அச்சிட்டிருந்தது.

மறுநாள் முதல் அந்தப் பையன் மேடைக்கு வரவில்லை. தாயார் தனியாக உட்கார்ந்து சாப்பிடச் சொல்லியிருந்தார். தவறு சொல்ல முடியுமா? பெற்ற வயிறு அல்லவா! ஆனால் வகுப்பறைப் படிக்கட்டில் தனியே உட்கார்ந்து, மற்றவர்கள் கொறிப்பதையே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஏழு வயதுப் பிள்ளையைக் காணும்போது, என் சோறு தொண்டையில் இறங்கவில்லை. கடற்பாசி இல்லாமலே அப்படி ஒரு தாளைச் செய்ய முடியாதா என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

கடலில் விளையும் காகிதம்

முதலில் இந்தத் தாள் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். கடலோரத்தில் வலைகளைக் கட்டி, அவற்றின்மீது ஒருவகைச் செம்பாசியை வளர்க்கிறார்கள். வளர்ந்த பாசியை அறுத்துக் கழுவி, பொடியாக நறுக்கி, தண்ணீரில் கலந்து, சல்லடை போன்ற பாய்மீது மெல்லியதாகப் பரப்பி உலர்த்துகிறார்கள். ஒரு தாளின் அளவு 21 சென்டிமீட்டருக்கு 19 சென்டிமீட்டர். எடை சுமார் 3 கிராம். தோக்கியோவுக்கு எடோ என்று பெயர் வழங்கிய காலத்தில், காகிதம் செய்கிற முறையை ஒட்டியே இது உண்டாயிற்று என்கிறார்கள்.

வலையில் பாசி மட்டுமா வளரும்? குட்டி இறாலும் நண்டும் அதற்குள்ளேதானே குடியிருக்கும்! எவ்வளவு கழுவினாலும் சிறிதளவு ஒட்டியிருக்கக்கூடும். பொட்டலத்தில் அச்சிட்ட எச்சரிக்கை அதனால்தான். பாசியின் மேலோ கடைக்காரர் மேலோ குற்றமில்லை. படிக்காமல் கொடுத்தது நம் குற்றம்.

இந்தப் பாசி எங்கிருந்து முளைக்கிறது என்பதே வெகுகாலம் ஜப்பான்காரர்களுக்குத் தெரியாது. சில ஆண்டுகளில் நன்றாக விளையும்; சில ஆண்டுகளில் அடியோடு பொய்க்கும். அந்த மர்மத்தை அவிழ்த்தவர் காத்தலீன் டுரூ-பேக்கர் என்ற ஆங்கிலேய மாது. திருமணம் ஆன காரணத்தால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலையை இழந்தவர் அவர். இருந்தும் ஆராய்ச்சியை விடவில்லை. பாசியின் விதைகள் சிப்பி ஓட்டுக்குள் புகுந்து, நூல் போன்ற வேறோர் உருவில் வளர்கின்றன என்று 1949-இல் எழுதினார். அதைப் படித்த பிறகே ஜப்பானில் பாசியை நம்பிப் பயிரிட வழி பிறந்தது. அவர் ஜப்பானை ஒருமுறைகூடக் கண்டதில்லை; 1957-இல் இறந்துபோனார். கியூஷு தீவில் ஆரியாகே கடலைப் பார்த்தபடி ஊத்தோ என்ற ஊரில் 1963-இல் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் தேதி அங்கே அவரை நினைத்து வணங்குகிறார்கள்.

அதே ஆரியாகே கடலில் 2022-23 பருவத்தில் மழை குறைந்து, பாசிக்குச் சத்துப் போதாமல் விளைச்சல் பெரிதும் விழுந்தது. தாளின் விலையும் ஏறியது. ஆகவே மாற்று வழி தேடுவது நம் பையனுக்கு மட்டும் வேண்டிய காரியமல்ல.

காட்டு வேலைக்காரரின் சோற்றுருண்டை

ஜப்பானில் எல்லோரும் கடலோரத்தில் வாழ்கிறார்களா என்ன? கூமானோ என்ற மலைநாட்டில் மரம் வெட்டும் தொழிலாளிகள் காலையில் காட்டுக்குப் போனால் மாலையில்தான் திரும்புவார்கள். அவர்கள் சோற்றை உருட்டி, உப்பில் ஊறிய அகன்ற கடுகுக்கீரை இலையால் பொதிந்து எடுத்துச் சென்றார்கள். ‘மெஹாரி சூசி’ என்று அதற்குப் பெயர். உருண்டை அவ்வளவு பெரிது. வாயைத் திறந்தால் கண்ணும் அகல விரியும் என்பதால் வந்த பெயராம்!

இதைப் படித்தபோது எனக்கு நம் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். விடியுமுன் எழுந்து, தூக்குச் சட்டியில் சோற்றோடு பால்மரக்காட்டுக்குப் போனவர்கள் அல்லவா அவர்கள்? காட்டில் உழைப்பவன் எந்த நாட்டில் பிறந்தாலும், கைக்கு எட்டிய இலையில்தான் தன் சோற்றைக் கட்டியிருக்கிறான்.

முதல் முயற்சியும் ஒரு கேள்வியும்

அரும்பாடுபட்டு முதல் தாளைச் செய்தேன். கீரையை அவித்து, மிக்சியில் அரைத்து, தட்டில் தடவி வெயிலில் வைத்தேன். காய்ந்ததும் சுக்குநூறாக நொறுங்கியது. சுவை மட்டும் மோசமில்லை. சரி, பையன் வீட்டில் காட்டலாம் என்று நொறுங்கியதையே டப்பாவில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போனேன்.

தாயார் டப்பாவை வாங்கிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். “கோவிச்சுக்காதீங்க டீச்சர். இத அரைச்ச மிக்சியில எப்பவாச்சும் சம்பல் அரைச்சிருக்கீங்களா?”

எனக்கு வியர்த்துவிட்டது. முதல் வாரம்தான் உலர்ந்த இறாலும் பிலாச்சானும் போட்டு அதில் சம்பல் அரைத்திருந்தேன். பிலாச்சானும் இறாலில் செய்வதுதானே! டப்பாவை மூடித் திரும்ப எடுத்துக்கொண்டேன். படித்தவள் நான், ஆனால் பிள்ளையைக் காத்தது அந்தத் தாயின் கேள்விதான்.

வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பையனின் பாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். “அது ஏன் நொறுங்குச்சு தெரியுமா டீச்சரம்மா? கூழு ஊத்தாம வடகம் நிக்குமா? நம்ம வீட்டு அம்மியிலயே அரைக்கலாம், இதுல எறா பட்டதே இல்ல” என்றார்.

அவ்வளவுதான்! ஜப்பான் வரைக்கும் போய்த் தேடிய விடை லயத்து வாசலில் இருந்தது. கூழ்வடகம் பிழிந்து காயவைக்கத் தெரிந்தவர்களுக்கு இலைத்தாள் செய்வது பெரிய வித்தையா?

எந்தக் கீரை ஆகும், எது ஆகாது?

பாயாம் என்று பசாரில் விற்கும் முளைக்கீரை நல்லது. அதோடு கொடிப்பசலை சேர்த்தால் இன்னும் நல்லது. அதன் வழவழப்பே தாளை ஒட்டவைக்கும். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி சேர்க்கலாம், மிகுந்தால் கசக்கும்.

மரவள்ளி இலை வேண்டாம். அதில் நச்சுப்பொருள் உண்டு. நன்றாக இடித்து, நெடுநேரம் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிய பிறகே உண்ணத்தக்கது. சேம்பு இலை தொண்டையை அரிக்கும். சேக்கோர் மானிஸ் கீரையை முட்டையோடு சமைத்துச் சாப்பிடுவது நம் வழக்கம். ஆனால் 1990-களின் நடுவில் தைவானில் உடல் இளைக்கவேண்டுமென்று அதைப் பச்சையாக அரைத்து நாள்தோறும் குடித்தவர்களில் பலருக்கு நுரையீரல் கெட்டது. ஆகவே அதை இந்த வேலைக்கு எடுக்கவேண்டாம்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. செம்பனை வரிசைகளுக்கிடையே முளைத்த கீரையைப் பறிக்காதீர்கள். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. என்றாலும் வேறு மருந்துகள் இன்றும் தெளிக்கப்படுகின்றன. மருந்து பட்ட இலைக்கும் படாத இலைக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டு வேலியோரத்தில் நீங்களே நட்டு வளர்த்த கீரைதான் நம்பத்தக்கது.

செய்முறை

வேண்டியவை: ஆய்ந்த முளைக்கீரை 200 கிராம், கொடிப்பசலை 50 கிராம், மரவள்ளி மாவு 2 மேசைக்கரண்டி, தண்ணீர் அரைக் கோப்பை, உப்பு கால் தேக்கரண்டி, நல்லெண்ணெய் 1 தேக்கரண்டி. எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் தேங்காய் எண்ணெய் சேர்க்கலாம். இந்த அளவில் நான்கு தாள் கிடைக்கும்.

1. தண்டுகளை நீக்கி இலையை மட்டும் மூன்று தண்ணீரில் அலசுங்கள். கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். பச்சை நிறம் அப்போதுதான் நிற்கும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

2. கீரையை இறுகப் பிழிந்து, நைசாக அரையுங்கள். நார் இருந்தால் தாள் கிழியும்.

3. மரவள்ளி மாவை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கிண்டுங்கள். வெண்மை மாறிக் கண்ணாடி போல் ஆனதும் இறக்கி ஆறவிடுங்கள். கட்டி சேருவதற்குக் கடைக் கடற்பாசியைப் போடலாமே என்று சிலர் நினைக்கலாம். தீபாவளிக்கு நாம் காய்ச்சும் அகார்-அகாரும் கடலில் விளைந்த பாசிதான்! ஜப்பானில் கேரட் முதலிய காய்கறிகளை அரைத்துத் தாளாக்கி விற்கிறார்கள். அதிலும் அகார் சேர்வதுண்டு. பாசியே வேண்டாம் என்பவர்கள் கூழோடு நின்றுகொள்ளவேண்டும்.

4. கூழ், கீரை விழுது, உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்குங்கள். தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கவேண்டும்.

5. ரொட்டி சுடுவதற்கு விரிக்கும் எண்ணெய்த்தாளைத் தட்டில் விரித்து, விழுதைக் கரண்டியின் பின்புறத்தால் பரப்புங்கள். ஐம்பது காசு நாணயத்தின் கனம் போதும். எங்கும் ஒரே கனமாக இருக்கட்டும். ஓரம் மெலிந்தால் அங்கேதான் முதலில் வெடிக்கும்.

6. மெல்லிய துணியால் மூடி, காலை பத்து மணிக்கு வெயிலில் வையுங்கள். நல்ல வெயிலானால் பிற்பகலில் மேற்புறம் ஒட்டாமல் வரும். மெதுவாக உரித்துத் திருப்பிப் போடுங்கள். மழை இருட்டினால் உள்ளே எடுத்து மின்விசிறிக்கடியில் வைக்கலாம். ஆனால் ஈரத்தோடு இரவு முழுவதும் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சூட்டடுப்பு உள்ளவர்கள் 70 பாகை செல்சியஸில் சுமார் மூன்று மணி நேரமும், திருப்பிப் போட்டு மேலும் ஒரு மணி நேரமும் வைக்கலாம்.

7. சோற்றைச் சுருட்ட வேண்டுமானால் தோல் போல வளையும் பதத்தில் எடுத்துவிடுங்கள். கொறிக்க வேண்டுமானால் முழுதும் காயவிட்டு, துண்டு நறுக்கி, தோசைக்கல்லில் சிறு தீயில் இரண்டு பக்கமும் வாட்டுங்கள். கண்ணை எடுத்தால் கருகிவிடும்.

காய்ந்த தாளை மைலோ டின்னில் போட்டு இறுக மூடிவையுங்கள். வறுத்து ஆறிய அரிசியைச் சிறு துணியில் முடிந்து உள்ளே போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்குள் தின்று தீர்த்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை.

வெயில் இல்லாத நாளுக்கு

மழைக்காலத்தில் என்ன செய்வது? கூமானோ மலைக்காரரின் வழி இருக்கிறதே! சீனக் கடைக்காரர்கள் கைச்சோய் என்று விற்கும் அகன்ற கடுகுக்கீரை அரைக் கிலோ வாங்குங்கள். நடு நரம்பின் தடித்த பகுதியைச் சீவிவிட்டு, ஒரு மேசைக்கரண்டி உப்பைத் தடவி, மேலே கனமான கல்லை வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் அலசி, கொதிநீரில் ஒரு நிமிடம் காட்டிப் பிழியுங்கள். நான்கு பங்கு அரிசியோடு ஒரு பங்கு புளுட் அரிசி சேர்த்து வடித்த சோற்றை, உருளைக்கிழங்குப் பிரட்டலோ முட்டையோ நடுவில் வைத்து உருட்டி, இலையால் பொதிந்துவிடுங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பு போக நன்றாக அலசவேண்டும். காலையில் கட்டிய சோற்றை மாலைவரை வைக்காமல் இடைவேளையிலேயே தின்னச் சொல்லுங்கள்; நம் ஊர் வெப்பத்தில் சோறு கெட நேரமாகாது.

நம் ஊரிலேயே வெற்றிலை போன்ற காடோக் இலை இருக்கிறது. மலாய்க்காரர்கள் அதை நறுக்கி நாசி உலாமில் போடுகிறார்கள். சயாமில் வறுத்த தேங்காய்ப்பூ, வேர்க்கடலை, இஞ்சி, எலுமிச்சை எல்லாவற்றையும் அதில் மடித்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அரைக்கவும் வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம். பெரியவர்களுக்கு அது நல்ல சிற்றுண்டி. ஆனால் சயாம்காரர்கள் அதில் உலர்ந்த இறாலும் வைப்பார்கள். இறால் ஆகாதவர் வீட்டில் அதை நீக்கிவிடவேண்டும்.

இதில் என்ன உண்டு, என்ன இல்லை?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கீரைத் தாளில் கடல் மணம் வராது. சிறிது சோயா சாறு தடவி வாட்டினால் அந்த உவர்ப்பு ஓரளவு கிட்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சோயா சாற்றுப் போத்தலின் எழுத்தையும் படிக்கவேண்டும். கடற்பாசியில் அயோடின் மிகுதி. கீரையில் அது குறைவு. அதனால் சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். நோரியில் உள்ள பி12 சத்தும் கீரையில் இல்லை. அதை முட்டை, பால், மீனிலிருந்துதான் பெறவேண்டும்.

அதற்குப் பதிலாகக் கீரை தருவதும் உண்டு. கண்ணுக்கான சத்தும் இரும்புச் சத்தும் இருக்கின்றன. கடும் வெயில் கண்ணுக்கான சத்தைக் குறைக்கும்; நிழலும் காற்றும் உள்ள இடத்தில் மெல்லக் காய்ந்தால் நல்லது. இரும்பு உடலில் ஒட்ட எலுமிச்சைச் சாறு உதவும். டப்பாவில் ஒரு துண்டு வைத்துவிடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் முளைக்கீரையை மிகுதியாக உண்ணக்கூடாது, டாக்டரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. எதைத் தின்ற பிறகாவது பிள்ளைக்கு உதடு வீங்கினால், மூச்சு முட்டினால், கைமருந்து பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கிளினிக்குக்குக் கொண்டு ஓடுங்கள். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத பொருளை ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும், எழுதியது நிற்கும்.

மீண்டும் மேடையில்

பாட்டி வீட்டு அம்மியில் அரைத்து, அவர்கள் வாசலிலேயே காயவைத்த மூன்றாவது முயற்சிதான் தாளாயிற்று. அதை முதலில் தின்றது நான். இரண்டாவது அந்தத் தாயார். அரைநாள் கழித்துத்தான், அவர் கண்ணெதிரே, பையனுக்கு ஒரு சிறு துண்டு கொடுத்தோம். மறுநாளும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே முழுத் தாள்.

பள்ளி விளையாட்டுப் போட்டியன்று அவன் ஒரு மைலோ டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். நேராக மாமரத்தடி மேடைக்குப் போய், பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தான். மற்றவர் கொடுப்பதை அவன் இன்றும் வாங்கித் தின்பதில்லை, கொடுப்பவன் அவன். முதல் துண்டை அந்த நான்காம் ஆண்டுப் பெண்ணிடம் நீட்டினான். அந்த நாளுக்குப் பிறகு குற்றவாளி போலவே திரிந்துகொண்டிருந்தவள் அவள். வாங்கிக் கடித்துப் பார்த்தாள்.

“இது எந்தக் கடையில வாங்கினது?” என்று கேட்டாள்.

“எங்க பாட்டி கடை” என்றான் அவன்.

தாய்மார்களே, உங்கள் வீட்டு வேலியோரத்தில் இரண்டு கொடிப்பசலைத் தண்டை ஊன்றிவிடுங்கள். ஒரு மாதத்தில் படர்ந்துவிடும். தாள் கிழிந்தால் கவலைப்படாதீர்கள்; என்னுடையதும் இரண்டு முறை வீணாயிற்று. கிழிந்ததைப் பொடித்துச் சோற்றில் தூவி, நெய்விட்டுப் பிசைந்து கொடுங்கள். கீரை என்றால் ஓடுகிற பிள்ளையும் இன்னொரு கை கேட்கும்.